காதுக்கு நின்றவர்

பொறியியலாளர் ஐயா, அந்த மனிதரின் பெயரைக் கெடுத்தது நீங்கள். கல் இல்லை, மழை இல்லை, அவருடைய தலையெழுத்தும் இல்லை. நீங்கள்தான்.

இப்படி ஆரம்பிக்க வேண்டாம், மரியாதையாக எழுதுங்கள் என்று என் மனைவி சொன்னாள். மரியாதையாக ஆரம்பித்த பேச்செல்லாம் இந்தத் தோட்டத்தில் எங்கே போய் முடிந்தது என்று எனக்குத் தெரியும். நான் பெக்கோ மெஷின் ஓட்டுகிறவன். மண் சரிந்தால் அள்ளிக் கொட்டி ரோட்டைத் திறப்பது என் வேலை. எழுதுவது என் வேலை இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

அவருக்குப் பெயர் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். அந்தப் பெயரை வாயில் போட்டு மென்றவர்கள் மென்றது போதும். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தின் வரிசை வீடுகளில், எங்கள் லயங்களில், எல்லோரும் அவரை ஆமிக்காரர் என்றார்கள். நேரில் ஆமி அண்ணே என்றார்கள். அவருடைய அம்மா எங்கள் லயத்தில் பிறந்தவர், தேயிலைக் கொழுந்து பறித்தவர். அப்பா கீழே வயல் கிராமத்துச் சிங்களவர். அவர் படித்தது சிங்களத்தில், திட்டுவது தமிழில். சண்டைக் காலத்தில் அரசாங்க ஆமியில் சேர்ந்து, சண்டை முடிவதற்கு முன்பே முழங்காலில் காயத்தோடு திரும்பி வந்து, அம்மாவின் லயத்துக்கே குடிவந்துவிட்டார். முதல் வருடம் நான் அவரோடு பேசவில்லை. ஆமிக்காரனோடு எனக்கென்ன பேச்சு என்று இருந்தேன். அவரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அவரை யார் நினைத்தாலும் முதலில் நினைவுக்கு வருவது அந்த வெறுந்தலைதான். எங்கள் ஊர்க் குளிருக்குக் காதை மூடாமல் யாரும் வெளியே வர மாட்டார்கள். ஆண்கள் கம்பளிக் குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்து விட்டிருப்பார்கள். பெண்கள் துண்டைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். இந்த மனிதர் மட்டும் தூறலில்கூடக் குடை பிடிக்க மாட்டார். குடை மேல் மழை விழுகிற சத்தம் மற்றச் சத்தங்களைத் தின்றுவிடும் என்பார். தான் நனைந்தால் பரவாயில்லை. மற்றவர்களையும் விட மாட்டார். எதிரே வருகிறவனின் குல்லாவை எட்டிப் பிடித்து மேலே தூக்கிவிடுவார்.

"காதைத் தொறந்து வையிடா. பின்னால லாரி வந்தா எந்தப் பக்கம் ஒதுங்குவே?"

"அண்ணே, குளிருது அண்ணே."

"குளிருனா சாவ மாட்டே. லாரிக்கு அடியில போனா செத்துப் போயிருவே."

எனக்கும் ஒருமுறை இது நடந்தது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடந்து வந்தேன். பின்னால் வந்தவர் இரண்டு வயரையும் பிடுங்கி எடுத்துவிட்டார். ஒன்று அறுந்து போயிற்று. சட்டையைப் பிடித்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, "நான் மூணு தரம் கூப்பிட்டேன் மல்லி, நீ ஒரு தரம்கூடத் திரும்பல" என்றார். அதுதான் எங்களுடைய முதல் பேச்சு. மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அதன் பிறகு கடைசிவரை நான் அவருக்கு மல்லிதான்.

யாராவது கூப்பிட்டால் அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். நின்றுவிடுவார். தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்புவார், பிறகு வலப்பக்கம். சேவல் பார்ப்பது போல இருக்கும். அப்புறம்தான் சரியாகக் கூப்பிட்டவரைப் பார்த்து "என்னா?" என்பார். சின்னப் பிள்ளைகள் அதைச் செய்து காட்டிச் சிரிப்பார்கள்.

ரோட்டு வேலைக்கு நான் பெக்கோவோடு போனபோது அவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். பதுளையிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஏறுகிற பாதையில் ஓர் ஓடை இறங்குகிற இடம் உண்டு. அங்கே பாதை மலைக்குள் மடிந்து திரும்பும். மடிப்புக்குள் நடுவில் ஒரு மதகு. மதகில் நின்றால் முன்னால் ஒரு சரிவு, முதுகுக்குப் பின்னால் ஒரு சரிவு. முன்சரிவு ஒவ்வொரு மழைக்கும் இறங்கி ரோட்டை மூடும். பின்சரிவு இறங்காது, ஆனால் அதில் பெரிய பெரிய கருங்கல் மண்ணில் பாதி புதைந்து நிற்கும்.

அந்த மாதிரி இடத்தில் வேலை செய்யும்போது எங்களுக்கு ஒரு முறை இருந்தது. ஒருவர் வேலை செய்ய மாட்டார். மதகு மேல் சும்மா நின்று மலையைக் கேட்டுக்கொண்டிருப்பார். அதைக் காதுக்கு நிற்பது என்போம். மேலே மண் பிளந்தாலோ கல் அசைந்தாலோ அந்தச் சத்தம் வருகிற பக்கத்தை அவர் கையால் காட்டுவார். கை காட்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் எல்லோரும் ஓட வேண்டும். மேலே பார்க்கக் கூடாது, யோசிக்கக் கூடாது. மீரியபெத்தவில் ஒரு லயமே மண்ணுக்குள் போன பிறகு எங்கள் ஆட்களுக்கு இதை யாரும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. மெஷினுக்குள் இருக்கிற எனக்கு எதுவுமே கேட்காது. நான் அந்தக் கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். என் உயிரும் அந்தக் கையில்தான் இருந்தது.

காதுக்கு நிற்க அவரைத்தான் வைத்தோம். அவர் பெரிய மேதை என்று சொல்ல வரவில்லை. தப்பும் செய்வார். மேலே குரங்குக் கூட்டம் கிளையை உடைத்ததற்குக் கை காட்டி எங்கள் எல்லோரையும் சேற்றில் ஓட வைத்திருக்கிறார். தற்பெருமை வேறு. தன்னைத் தவிர வேறு யாருக்கும் காது இல்லை என்பது போலப் பேசுவார். ஆனால் பக்கம் மட்டும் தப்பாது. குரங்கோ கல்லோ, அவர் காட்டிய பக்கத்தில்தான் இருக்கும்.

கல் சுமக்கிற பெண்களில் முத்துலெட்சுமி என்று ஒருத்தி. வாய் ஓயாது. அவர் பெருமை பேசுவதைத் தாங்க முடியாமல் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நின்றாள்.

"ஆமி அண்ணே, கண்ண மூடிக்கங்க. நாங்க கை தட்டுறோம். எந்தப் பக்கம்னு காட்டுங்க பாப்போம். தப்பினா நாளைக்கு எங்க கூடைய நீங்க தூக்கணும்."

"தப்பலனா?"

"தப்பலனா நான் ஒரு நாள் முழுக்க வாயத் தொறக்க மாட்டேன்."

"ஐயோ, அதுக்காகவே செயிக்கணுமே" என்றார்.

கண்ணை மூடி நின்றார். பெண்கள் சுற்றி நின்று கை தட்டினார்கள். எங்கே தட்டினாலும் விரல் அங்கே போயிற்று. முன்னால், பின்னால், ஓடைக்குள் இறங்கித் தட்டியதற்கும்கூட. முத்துலெட்சுமிக்கு ஆத்திரம். சோறு ஆக்கிக் கொண்டுவந்த அலுமினியச் சட்டியைக் கழுவி, காது மூடும்படி அவர் தலையில் கவிழ்த்துவிட்டாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளே அவருக்குப் பின்னால் போய் நின்று ஒரு தட்டுத் தட்டினாள். அவர் தலையைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். பிறகு நேரே முன்னால் கையைக் காட்டினார்.

"போச்சு! போச்சு! நாளைக்குக் கூடைய தூக்குங்க!"

அவர் சட்டியைக் கழற்றினார். முகத்தில் சிரிப்பில்லை. "கேட்டுச்சு" என்றார். "நல்லாக் கேட்டுச்சு. முன்னால இருந்துதான் கேட்டுச்சு." அடுத்த நாள் சொன்ன சொல் தவறாமல் அவளுடைய கூடையைத் தூக்கினார். முழங்கால் வலியோடு தூக்கினார்.

அன்று சாயங்காலம் தேத்தண்ணிக் கடையில் நானாகத்தான் கேட்டேன், ஏன் முகம் அப்படிப் போயிற்று என்று. அவர் சண்டைக் கதை பேசுகிறவர் இல்லை. அந்த ஒன்றைத்தான் சொன்னார், அதுவும் பாதியாக.

"காட்டுப் பாதையில நடந்து போறோம் மல்லி. எல்லார் தலையிலயும் ஹெல்மெட். காது பாதி உள்ளுக்கு. வெடிச் சத்தம் வந்திச்சு. எல்லாரும் முன்னால பாத்துப் படுத்துச் சுட்டோம். நானும் சுட்டேன். ஆனா அது பின்னால. என் பக்கத்துல படுத்திருந்தவனுக்கு முதுகுலதான் பட்டிச்சு."

"அப்போ ஹெல்மெட் போடக் கூடாதா?"

"யாரு சொன்னா? அது இல்லாட்டி நான் இன்னிக்கு உன்னோட பேசிக்கிட்டு இருக்க மாட்டேன். பின்மண்டையில ஒரு குண்டுச் சிதறு பட்டிச்சு, ஹெல்மெட்டு நசுங்கிச்சு, நான் நசுங்கல. வேல செய்றவன் போடணும். கேக்குறவன் போடக் கூடாது. ரெண்டையும் ஒரு ஆளுக்குக் கொடுக்காத, அவ்வளவுதான்."

இதை அவர் வேலைத்தளத்திலும் கடைப்பிடித்தார். மற்ற எல்லோரும் மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பி போட்டிருக்கிறோமா என்று பார்ப்பார். போடாதவனுக்கு ஏச்சு விழும். தான் மட்டும் வெறுந்தலையோடு மதகில், இரண்டு சரிவுக்கும் தள்ளி, கல் எட்டாத தூரத்தில் நிற்பார்.

இப்போது உங்களிடம் வருகிறேன், ஐயா.

நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வேறொரு தளத்தில் உங்கள் ஆள் ஒருவனுக்குத் தலையில் அடிபட்டது. அதற்குப் பிறகுதான் நீங்கள் அந்தப் புதுத் தலைக்கவசங்களைக் கொண்டுவந்தீர்கள். ஆமிக்காரர்கள் போடுவதைப் போலத் தடித்த சாமான். பக்கம் இரண்டும் காதை மூடி இறங்கும். உள்ளே பஞ்சு. தாடைக்குக் கீழே வார். நல்ல எண்ணத்தோடுதான் கொண்டுவந்தீர்கள். நீங்களே கையால் ஒவ்வொருவருக்கும் கொடுத்தீர்கள், படமும் எடுத்தீர்கள்.

அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சேர், நான் காதுக்கு நிக்கிறவன். எனக்கு வேணாங்க" என்றார். அவர் ஒருவரிடமும் அவ்வளவு பணிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

நீங்கள் சொன்னதை நான் மெஷினிலிருந்து இறங்கிப் பக்கத்தில் நின்று கேட்டேன். மறந்திருப்பீர்கள், நினைவுபடுத்துகிறேன்.

"எல்லாரும் போடவேணும். உங்கட தலைக்கு மட்டும் தனிச் சட்டமோ? குரங்கு ஓடினதுக்கும் கை காட்டி வேலையை நிப்பாட்டுறனீங்கள், அதுக்குத்தான் தொப்பியில்லாமல் நிக்கிறனீங்களோ?"

"இல்லைங்க சேர், இதப் போட்டா பக்கம் தெரியாதுங்க."

"நீங்கள் ஆமியில இருந்தனீங்கள்தானே? அங்க எங்கட சனத்துக்கு முன்னால நிக்கேக்க போட்டிருந்தனீங்கள்தானே? இங்க போட ஏலாதோ?"

நீங்கள் யாழ்ப்பாணத்துக்காரர். உங்கள் வீட்டில் யாரை இழந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது, அந்தக் கோபத்துக்கு உங்களுக்கு உரிமை இருந்திருக்கலாம். ஆனால் அதை அவருடைய வேலை மேல் ஏன் இறக்கினீர்கள்? அந்த ஒரு கேள்விக்கு அவரிடம் எந்தக் காலத்திலும் பதில் இருந்ததில்லை. அது உங்களுக்குத் தெரிந்திருந்தது. அவர் உங்கள் முகத்தையே பார்த்தார். பிறகு தலையில் போட்டார். வாரை இறுக்கினார். குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றார். அன்றுதான் அவரை ஆமிக்காரராக முதல் தடவை பார்த்தேன்.

மதகில் ஏறி நின்றவர் கொஞ்ச நேரம் தலையை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தார். நான் மெஷினை இயக்கினேன். அதற்கு முன் கண்ணாடி வழியாகக் கத்தினேன்: "கழட்டுங்க அண்ணே, அவரு போயிட்டாரு!" ஆனால் நீங்கள் போயிருக்கவில்லை. வாகனத்தோடு மேல் வளைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவருக்கும் அது தெரியும்.

அன்றைக்கு மழைகூட இல்லை. முந்தின நாள் பெய்ததில் ஊறிய மண். முன்சரிவில்தான் எல்லோரும் வேலை செய்துகொண்டிருந்தோம். அவர் தலை சட்டென்று நின்றது. ஒரு பக்கம் திரும்பியது, மறுபக்கம் திரும்பியது. கை தூக்குவதற்கு அவர் அவ்வளவு நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை. பிறகு தூக்கினார். நேரே முன்சரிவைக் காட்டினார்.

எல்லோரும் பின்பக்கம் ஓடினார்கள். முறைப்படிதான் ஓடினார்கள். யாரும் யோசிக்கவில்லை, மேலே பார்க்கவில்லை. முத்துலெட்சுமி எல்லோருக்கும் முன்னால் ஓடினாள்.

கல் பின்சரிவிலிருந்து வந்தது. மெஷினுக்குள் உயரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரிந்தது. ஹோர்னை அழுத்திப் பிடித்தேன். அந்தத் தொப்பிகளுக்குள் என் ஹோர்னும் எங்கிருந்தோ வந்த இன்னொரு சத்தம். இரண்டு பேர் திரும்பி ஓடையைப் பார்த்தார்கள். ஓடையில் ஒன்றும் இல்லை.

பொய் சொல்ல மாட்டேன். சிதறி வந்த கல் ஒன்று இன்னொருவன் தலையில் பட்டது, உங்கள் தொப்பி அவனைக் காப்பாற்றியது. அவன் இன்றும் உயிரோடு இருக்கிறான். முத்துலெட்சுமியை எந்தத் தொப்பியும் காப்பாற்றியிருக்காது. அவ்வளவு பெரிய கல். உங்கள் வாகனத்தில்தான் அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள், ஆசனமெல்லாம் இரத்தம். அதையும் நான் மறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது.

விசாரணையில் நீங்களாகச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். காவலுக்கு நின்றவர் பிழையான பக்கம் காட்டினார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தலைக்கவசம் போட்டிருந்தார்களா என்று கேட்டார்கள். எல்லோரும் போட்டிருந்தார்கள் என்றீர்கள். அது உங்களுக்கு நல்ல பதிலாகப் போயிற்று. நான் எழுந்து, அந்தத் தொப்பியால்தான் பக்கம் தெரியவில்லை என்றேன். விசாரிக்க வந்திருந்தவர் என்னைப் பார்த்து, "கேட்கவில்லை என்றால் எப்படிக் கை தூக்கினார்?" என்றார். கேட்டது, எங்கிருந்து என்றுதான் தெரியவில்லை என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்கிய ஒரே ஆள் நீங்கள். நீங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஆமி அண்ணனிடம் கேட்டார்கள். தொப்பியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "நான்தாங்க கை காட்டினேன்" என்றார். அவ்வளவுதான்.

வெளியே வந்து நான் அவரோடு சண்டை போட்டேன். "ஏன் சொல்லல? அவரு போடச் சொன்னதாலதானேன்னு ஏன் சொல்லல?"

"தொப்பி அவரோடது மல்லி. கை என்னோடது."

"அவரு உத்தரவு போட்டாரு!"

"உத்தரவுன்னு சொல்லிச் சொல்லித்தான் ஆமியில நாங்க எல்லாரும் தப்பிச்சோம். இந்த ஒண்ணுக்கும் அதையே சொல்லவா?"

ஆனால் அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டார் என்பதற்காக உங்கள் பங்கும் அவருடையதாகிவிடாது.

லயத்தில் அவரை யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. பேசாமல் விட்டார்கள். குழாயடியில் அவர் மனைவி வந்தால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆமிக்காரன் வேண்டுமென்றேதான் பக்கம் மாற்றிக் காட்டினான் என்று சொன்ன நாக்குகளும் உண்டு. முத்துலெட்சுமியின் மகள் அதை நம்பினாள். அம்மா செத்த பிள்ளைக்கு யார் மேலாவது கோபம் வேண்டும். கண்ணுக்கு முன்னால் இருந்தவர் அவர்தான்.

அவர் மனைவியோடு கீழே அப்பாவின் கிராமத்துக்குப் போய்விட்டார். பிறகு ஒரு தடவைதான் பார்த்தேன், பதுளை பஸ் நிலையத்தில். நல்ல வெயில். அவர் தலையில் கம்பளிக் குல்லா. இரண்டு காதுக்கும் கீழே இழுத்து விடப்பட்டிருந்தது. எனக்கு நம்ப முடியவில்லை. "அண்ணே!" என்று கத்தினேன். சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. அவர் திரும்பவில்லை. நிற்கவும் இல்லை, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பவும் இல்லை. பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். கேட்டது என்றுதான் நினைக்கிறேன்.

போன வருடம் நெஞ்சு வலியில் இறந்துபோனார். சாவு வீட்டுக்கு எங்கள் லயங்களிலிருந்து போனது நானும் என் மனைவியும்தான். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அவரு வேணும்னு செய்யலன்னு அங்க யாராச்சும் சொன்னாங்களா தம்பி?" நான் இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. இந்த மழையில் அதே மடிப்பு மறுபடி இறங்கிவிட்டது. மறுபடி ஆட்கள் வந்திருக்கிறார்கள், நானும் பெக்கோவோடு போயிருக்கிறேன். மதகில் காதுக்கு ஒருவர் நிற்கிறார். நல்ல மனிதர், கல்யாணமாகி மூன்று பிள்ளைகள். அவர் தலையில் அதே தலைக்கவசம். கழட்டுங்கள் என்றேன். "வேல போயிரும் அண்ணே. பெரிய சேரோட சட்டம்" என்றார். பெரிய சேர் நீங்கள்தான். பதவி உயர்ந்திருக்கிறீர்கள்.

கல் அள்ளுகிற பெண்களில் முத்துலெட்சுமியின் மகளும் இருக்கிறாள். அவளும் அந்த மனிதரின் கையைப் பார்த்துத்தான் ஓட வேண்டும்.

ஆகவே கேட்கிறேன். உங்கள் அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் சொல்ல வேண்டாம். காலையில் எங்கள் பெரட்டுக் களத்துக்கு வாருங்கள். வேலைக்குப் போகுமுன் ஆண், பெண் எல்லோரும் பெயர் கொடுக்க வந்து நிற்கிற நேரத்தில் வாருங்கள். அந்தத் தலைக்கவசத்தைக் கையோடு கொண்டுவாருங்கள். எல்லோரும் பார்க்கத் தலையில் போட்டு, வாரை இறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். முத்துலெட்சுமியின் மகள் உங்களைச் சுற்றி நடந்து, தனக்குப் பிடித்த இடத்தில் நின்று கை தட்டுவாள். எந்தப் பக்கம் என்று கை காட்டுங்கள்.

பிறகு கண்ணைத் திறந்து, அவள் எங்கே நிற்கிறாள் என்று பாருங்கள். அவளுடைய முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்: அன்று மதகில் நின்றவரின் காதை மூடியது யார்?